லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதாநாயகன்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். இத்தனை வருடமும் மேலே போவதும் கீழே வருவதுமாகவே பிழைப்பு ஓடியதில், வீட்டுக்கு வந்தால் சோபாவில் விழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு கிடையாது. போன மாதம் ரேடியோவில் யாரோ ஒரு புண்ணியவான், வாழ்க்கையை ஒரு கதையாக நினைத்து வாழ்ந்தால் அதற்கு அர்த்தம் வரும் என்று சொல்லித் தொலைத்தார். மறுநாள் காலையில் ஆரம்பித்தது கூத்து.

பல் தேய்க்கும்போதே, "அன்று அவன் புது மனிதனாக எழுந்தான்" என்று கண்ணாடியிடம் சொன்னார். குற்றம் சொல்லக் கூடாது, பலன் இருந்தது. கதாநாயகன் சோபாவில் கிடப்பானா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். பேச்சுவார்த்தை இல்லாமல் போன தம்பிக்கு அவரே போன் போட்டார். எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். வாய் சும்மா இருக்காமல், இந்தக் கதையில் நான் யார் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

நன்றாக யோசித்துவிட்டு, "டீ கொண்டுவர்ற காட்சியில நீ வர்றே" என்றார்.

அன்றிலிருந்து நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை என்பதுதான் கொடுமை.

அந்த வாரமே எங்கள் கட்டட லிப்ட் படுத்துவிட்டது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள், இவருக்குக் கேட்கவா வேண்டும்? அழுக்குச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடினார். எதையோ முடுக்கினார், லிப்ட் உயிர் பெற்றது. எங்கள் மாடிக்கு இறங்கி வந்து எல்லோருக்கும் கையசைத்துவிட்டு உள்ளே ஏறினார். பாதி மாடி இறங்கியதும் அது மறுபடி நின்றுவிட்டது. வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி அழுக்குச் சட்டைப் பையில். சட்டையோ, நான் ஊறவைத்த வாளியில்.

சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் கதவருகே நின்றேன். "அவன் இருட்டைக் கண்டு அஞ்சவில்லை" என்று உள்ளேயிருந்து கேட்டது. குரல் மட்டும் நடுங்கியது.

"ஏங்க, சாவி என் கையில இருக்கு. இப்பச் சொல்லுங்க, கதையில நான் யாரு?"

கதாநாயகத் தோரணை எல்லாம் விட்டுவிட்டுச் சாதாரணமாகப் பேசினார்.

"நீ இல்லேன்னா கதையே இல்லம்மா. அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"பயத்துல சொல்றீங்களா, மனசாரச் சொல்றீங்களா?"

"ரெண்டும்தான். சீக்கிரம் திற."

திறந்தேன். தரைமட்டத்தில் அவர் தலை மட்டும் தெரிந்தது, சரியாக என் செருப்புக்குப் பக்கத்தில். எதிர்வீட்டு அக்காவும் நானுமாகப் பிடித்து மேலே இழுத்தோம். இஸ்திரிச் சட்டை முழுக்க கிரீஸ்.

அன்று சாயங்காலம் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவரே முட்டை பொரித்துக்கொண்டு வந்தார். கருகியிருந்தது, உப்பும் இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் உட்கார்ந்திருக்க, அவர் எனக்குத் தட்டு வைத்தது அதுதான் முதல் தடவை. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.