சாமந்திக்கு அடியில் இருந்த மூடி

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் வீடு. வாசலை ஒட்டியே செப்டிக் டேங்க். விளக்கு வைக்கும்போதெல்லாம் அதன் சிமென்ட் மூடி கண்ணில் படுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. மூடிமேல் செம்மண் கொட்டிச் சாமந்தி நட்டேன்.

"முருகனுக்கு இந்தப் பூவையா வெக்கப்போற?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

"பூவு பூவுதானுங்க" என்றேன்.

வருஷக்கணக்கில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அந்த ஈரத்தில் மூடிக்குள் இருந்த கம்பி துருப்பிடித்தது எனக்குத் தெரியவில்லை.

போன கிருத்திகையன்று பக்கத்து வீட்டுச் செல்வி பூ கேட்டு வந்தாள். அடுப்பில் பால் இருந்தது. "நீயே பறிச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். "அக்கா" என்று அலறல் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், மூடி உடைந்து செடியும் மண்ணும் உள்ளே போய்விட்டன. செல்வி இடுப்புவரை குழிக்குள் இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கிவிட்டோம். முருகன் புண்ணியத்தில் சிராய்ப்போடு போயிற்று.

மூச்சு வாங்கியபடி, "அடியில டேங்க் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லக்கா" என்றாள்.

இப்போது புது மூடி வெறுமனே கிடக்கிறது. கோலம் போடும்போதே அதைப் பெருக்கி, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "டேங்க் மூடிங்க, மிதிக்காதீங்க" என்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது; ஆனாலும் விடுவதில்லை. புதுச் சாமந்தியைப் பூந்தொட்டியில் நட்டிருக்கிறேன். செல்வி இன்றும் பறிக்க வருகிறாள், தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தபடி.