பஞ்சாயத்தக்காவின் வேன்

ரயில் நிலைய வாசலில் நின்ற ஷேர் வேனில் கால் வைத்ததும், "எதுக்குப் போறீங்க?" என்று கேட்டாள் ஓட்டுநர். எங்கே என்றல்ல, எதற்கு. நான் வாழும் வெளிநாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கூட இப்படிக் கேட்டதில்லை.

"சும்மாதான். பெரியாஸ்பத்திரி வரைக்கும்."

"சும்மாவா? அப்பக் கடைசி சீட்டுக்குப் போங்க."

அன்று காலை என் அத்தைக்கு இதய ஆபரேஷன். "உன் முகத்தைப் பாக்காம உள்ளே போக மாட்டேன்" என்று போனில் அடம்பிடித்திருந்தாள். டாக்டர் அதற்கெல்லாம் காத்திருப்பாரா? அதை முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே எப்படிச் சொல்வது?

வேன் ஒரு சந்துக்குள் போனது, திரும்பியது, போன வழியே வந்தது. கைபேசி வரைபடத்தில் என் புள்ளி தலைசுற்றி நின்றது. ஜன்னலில் 'அரசு பொது மருத்துவமனை' என்ற பலகை வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"அதுதானே பெரியாஸ்பத்திரி?"

"அதேதான். திரும்பி வர்றப்ப இறக்கிவிடுறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் பைப்பை மடியில் கிடத்தியிருந்த குழாய்க்காரர் விளக்கினார். "இந்த வேன்ல தூரக் கணக்கு கிடையாதுங்க, அவசரக் கணக்குதான். புருஷன் லாரிக்குப் போனதும் வேனை இவங்க எடுத்தாங்க. ஆரம்பத்துல வழிவரிசையாதான் இறக்கிவிட்டாங்க. அதுல ஒரு பொண்ணுக்குப் பரீட்சையே போச்சு. யாரு? இவங்க சொந்த மக! நம்ம வீட்டுப் பொண்ணுதானே, வரிசை வரட்டும்னு விட்டுட்டாங்க. அதுலேர்ந்து, ஏறுற ஆளெல்லாம் காரணம் சொல்லணும், யாரு முதல்ல இறங்கணும்னு இவங்க தீர்ப்பு சொல்வாங்க. பேரே பஞ்சாயத்தக்கா ஆயிடுச்சு."

"உங்க காரணத்தைச் சொல்லுங்க, என் கதையை விடுங்க!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"என்னைக் கூப்பிட்ட வீடு பூரா தண்ணிக்கா. கட்டில் மிதக்குது" என்றார் அவர்.

"எனக்கு இன்டர்வியூ" என்றாள் ஒரு பெண். "என் வீட்டுக்காரர் கோச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுல உக்காந்திருக்காரு, கூட்டிட்டு வரணும்" என்றாள் இன்னொருத்தி.

அழுகையும் வார்த்தையும் சேர்ந்தே வந்தன எனக்கு. "என் அத்தைக்கு ஹார்ட் ஆபரேஷன். இப்போ."

பிரேக் கிறீச்சிட்டது.

"ஏம்மா, வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே?" என்று சீறினாள் பஞ்சாயத்தக்கா. பிறகு எல்லோரையும் பார்த்தாள். "என்ன சொல்றீங்க?"

"திருப்புங்கக்கா, எனக்கு இன்னும் நேரமிருக்கு."

"அவரு எங்கயும் ஓடிட மாட்டாரு. அங்க சாப்பாடு நல்லா இருக்காம்!"

குழாய்க்காரர் மட்டும் பெருமூச்சு விட்டார். "கட்டில் இன்னும் கொஞ்சம் மிதக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் எனக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை. பஞ்சாயத்தக்கா என் கையைப் பிடித்து இழுக்க, மற்றவர்களும் ஏனோ பின்னாலேயே ஓடிவந்தார்கள். லிப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சர். அத்தை என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்கியே... டாக்டர் என்கிட்ட எதையாவது மறைக்கிறாரா?"

"ஐயோ இல்ல அத்தை! இவங்க... வேன்ல... கட்டில் மிதக்குதுன்னு..."

"என்னடி உளர்றே?"

"நல்லபடியா போயிட்டு வாங்கம்மா" என்றார் குழாய்க்காரர், பைப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியபடி. அத்தை பைப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயத்தை மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் விரல்களை அழுத்திப் பிடித்தாள். ஊழியர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்.

"இவங்கல்லாம் யாருன்னு நான் வெளியே வந்ததும் ஒழுங்கா சொல்லணும், கேட்டியா?" என்றாள் லிப்டுக்குள்ளிருந்து.

"சொல்றேன் அத்தை. வா, சொல்றேன்."