இடது காலுக்கு வேலையில்லாத கார்

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் விற்ற பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்று பார்க்கப் போய், கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தேன். இடது முட்டி நொறுங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கால் இருந்தது, மடங்கத்தான் மறுத்தது. நடக்கலாம், மெதுவாக மாடி ஏறலாம் என்றார் டாக்டர். கார் ஓட்டலாமா என்று கேட்டேன். கிளட்ச்சை மிதிப்பது மட்டும் முடியாது என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அது என் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த கார். அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. கரும்பச்சை நிறம், சோபா மாதிரி முன்சீட்டு, டிக்கியில் ஆறு பம்பு வைக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பம்பு கம்பெனிக்கு வந்த ஆர்டர்களில் பாதி நான் அந்தக் காரில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிடித்தவை. இப்போது அதை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கலாம், டிரைவர் போட்டுக்கொள்ளலாம் என்றார் என் கணவர். நல்ல மனிதர்தான். ஆனால் டிரைவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே மிச்ச ஆயுளை ஓட்டுவதற்கு நான் ஆளில்லை.

சிங்காநல்லூரில் ஒரு மெக்கானிக் இருந்தார். ஐம்பது வயது, சத்தமில்லாத மனிதர். கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இந்தக் காரில் பொருத்த முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று அவர் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பாக்ஸைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் கேட்டார். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, விபத்தில் நசுங்கிய வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து அதைக் கொண்டுவந்தே விட்டார். கூடவே பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை. அதுதான் டார்க் கன்வெர்ட்டர் என்றார். கிளட்ச்சின் வேலையை அது பார்த்துக்கொள்ளுமாம். உள்ளே ஆயிலில் இரண்டு இம்பெல்லர்கள், பம்புக்குள் சுற்றுகிற அதே இறக்கைச் சக்கரங்கள், முகத்துக்கு முகம் பார்த்திருக்கும், எஞ்சின் ஒன்றைச் சுற்றினால் அது தள்ளுகிற ஆயிலில் மற்றது சுற்றும் என்று அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆக, அதுவும் பம்புதான்.

எங்கள் எஞ்சினுக்கும் அந்தப் பாக்ஸுக்கும் ஓட்டைகள் பொருந்தவில்லை. நடுவில் ஒரு தட்டு வேண்டும். எஞ்சின் முகத்திலும் பாக்ஸ் முகத்திலும் கிரீஸைத் தடவி, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை அவற்றின்மேல் ஒற்றி, ஓட்டைகளை அச்சு எடுத்துக்கொண்டார். அவற்றை வைத்து எங்கள் ஃபவுண்டரியிலேயே அலுமினியத் தட்டை வார்த்தோம். பொருத்திப் பார்த்தால் ஓர் ஓட்டைகூடத் தப்பவில்லை. காலண்டர் தாளில் இவ்வளவு துல்லியத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பொருத்துகிற நாளில் எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, பாக்ஸை மர மேசையில் வைத்திருந்தார். காய்ந்த பம்புக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் கன்வெர்ட்டருக்குள் முதலில் ஆயிலை ஊற்றினார். பிறகு அதைப் பாக்ஸுக்குள் தள்ளித் தள்ளித் திருப்பினார். ஒவ்வொரு பல்லாக உள்ளே உட்கார வேண்டும் என்றார். பாக்ஸை எஞ்சினோடு சேர்த்துப் போல்ட்டுகளைக் கையால் ஏற்றிப் பார்த்தபோது, நடுவில் ஒரு விரல் இடைவெளி நின்றது. அதற்குள் அவரைச் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு ஆட்கள் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். விருந்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? இடைவெளியை வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தொடாதீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் வண்டிக்குச் சொந்தக்காரரிடம் யார் அப்படிச் சொல்வார்கள்? நானும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஆயிரம் பம்பு கட்டிய கை எனக்கு. பம்பின் வெளிக்கூடான கேசிங்கிலும் முதலில் இடைவெளி இருக்கும், போல்ட்டுகளை எதிரும் புதிருமாகச் சமமாக முடுக்கினால் மூடிக்கொள்ளும். ஸ்பேனரை எடுத்து அப்படியே முடுக்கினேன். நடுவில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இடைவெளி அழகாக மூடிக்கொண்டது. பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கணவரோடு போனபோது மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிவைத்திருந்தார். செய்தித்தாள்மேல் இரண்டாக உடைந்த ஒரு பல்சக்கரம். பாக்ஸுக்குள் ஆயிலைத் தள்ளுகிற சக்கரம் அது. அது இல்லாமல் வண்டி ஓரடி நகராது, அப்படிப்பட்ட சக்கரம் ஊரில் எங்கும் கிடைக்காது. கன்வெர்ட்டர் முழுதாக உட்காராததால்தான் அந்த இடைவெளி; நான் முடுக்கியதில் சக்கரம் நசுங்கித்தான் 'டிக்' என்றிருக்கிறது. எப்படி உடைந்தது என்று கணவர் கேட்டார்.

"என்ற தப்புங்க. விருந்துக்குப் போற அவசரத்துல முடுக்கிப்போட்டனுங்க" என்றார் மெக்கானிக்.

கணவர் அவரை நன்றாகத் திட்டினார். இன்னொரு தடவை ஏதாவது உடைந்தால் வண்டியைப் பழைய இரும்புக்கே போட்டுவிடுவேன் என்றார். ஊரில் எல்லாரையும் அதட்டுகிற நான், அன்று செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இப்போதும் இருக்கிறது.

கிடைக்காத சக்கரத்தை அவர் செய்தே விட்டார். உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து அளவெடுத்து, லேத்தில் கடைந்து, பல் வெட்டி, அரத்தால் தேய்த்து, உலையில் கடினப்படுத்தி எட்டு நாள். முதலில் செய்தது சூட்டில் கோணிக்கொண்டது. முகம் சுளிக்காமல் இன்னொன்று செய்தார். இந்த முறை கன்வெர்ட்டர் கடைசிப் பல்வரை உள்ளே போய் உட்கார்ந்தது. இடைவெளி இல்லை. போல்ட்டுகள் விரலாலேயே ஏறின.

முதல் ஓட்டம் திருச்சி ரோட்டில். பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் குலுங்காமல், கேட்காமல், தானாக நகர்ந்தது. என் இடது கால் பழக்கதோஷத்தில், அங்கே இல்லாத கிளட்ச் மிதியைத் தேடித் துடித்தது. அதற்கு லீவு விட்டுவிடச் சொன்னார். சூலூர் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அதற்குமேல் தாங்கவில்லை. ஓரமாக நிறுத்தி, போல்ட்டை முடுக்கியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியுமுங்க அம்மணி. அத்தன போல்ட்டும் ஒரே இறுக்கத்துல இருந்துச்சுங்களே. என்ற பட்டறைல அப்படி முடுக்கற ஆளு யாரு இருக்கறாங்க?"

பிறகு ஏன் பழியை ஏற்றீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க செஞ்சதுன்னு தெரிஞ்சா உங்க ஊட்டுக்காரரு அன்னைக்கே வண்டிய வித்துப்போட்டிருப்பாருங்க. நா செஞ்சதுன்னா திட்டிப்போட்டு மறுக்காச் செய்யச் சொல்லுவாரு."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். பஸ்ஸில் திரும்பிக்கொள்வதாகவும், நான் தனியாகவே போய்வர வேண்டும் என்றும் சொன்னார். காங்கேயம் வரை போனேன். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. யார் பிடரியும் எதிரில் இல்லை. கொஞ்சம் அழுதேன், நிறையப் பாடினேன்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக, சக்கரத்தை உடைத்தது நான்தான் என்று கணவரிடம் சொன்னேன். நாளைக்கே பட்டறைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொன்னேன். கார் சாவி என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, பட்டறைக்கு உன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்டார்.