முதலில் சாப்பிடட்டும்

வெளிநாட்டில் நாங்கள் தங்கியிருக்கும் கம்பெனி முகாமில் ஒருவனுக்கு ஊரில் சாவு விழுந்தால், அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் ஸ்டோர் அண்ணனுக்குத் தெரியும். கம்பெனி ஸ்டோரில் கையுறை, தலைக்கவசம், வெல்டிங் குச்சி எல்லாம் எடுத்துக் கொடுப்பவர் அவர். பத்தொன்பது வருடமாக அதே கவுண்டர், அதே ஸ்டூல். புதுக் கையுறை வேண்டுமென்றால் கிழிந்த பழைய ஜோடியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "ஒரு விரல்தான கிழிஞ்சிருக்கு, மத்த நாலு விரல் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவரைக் கஞ்சன் என்று திட்டாதவன் இங்கே கிடையாது.

ஆனாலும் ஊரிலிருந்து வீட்டுக்காரர்கள் கூப்பிடுவது அவர் நம்பரைத்தான். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, நேராகச் சொல்லலாம். வாய் வராது. கண்காணாத இடத்தில் தனியாக இருக்கிறான், கேட்டதும் ஏதாவது செய்துகொள்வானோ என்று பயம். பக்கத்தில் ஒரு பெரிய மனுஷன் உட்கார்ந்து பக்குவமாகச் சொன்னால் தேவலை என்று நினைப்பார்கள். அந்தப் பெரிய மனுஷன் இவர்தான் என்று எப்படியோ ஆகிவிட்டது. அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லப்போனால் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முதலில் ஆளின் போனை வாங்கிவிடுவார். "என்னோடதுல சார்ஜ் இல்ல, உன்னோடதக் கொஞ்சம் குடு" என்று வாங்கி, அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சொந்தக்காரன் எவனாவது அவசரக் குடுக்கையாகப் படம் போட்டு இரங்கல் எழுதியிருப்பான், அது கண்ணில் பட்டுவிடக் கூடாது. அடுத்தது சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சமையல்காரரைப் பார்த்து இன்னொரு கரண்டி போடச் சொல்வார். "கேட்டப்புறம் ரெண்டு நாளைக்குத் தண்ணிகூட எறங்காது. வயித்துல ஏதாவது கெடக்கட்டும்" என்பார். அவன் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான், "வீட்டுல உடம்புக்கு முடியலையாம்" என்று ஆரம்பிப்பார்.

எப்போது சொல்வது என்பதுதான் முக்கியம். லீவு கிடைக்கும் என்றால் டிக்கெட் கைக்கு வந்த பிறகு. கிடைக்காது என்றால் சனிக்கிழமை சாயங்காலம், ஏனென்றால் மறுநாள் விடுமுறை. "வேலை நாள்ல சொன்னா அழுதுக்கிட்டே சாரத்துல ஏறுவான், தவறி விழுவான். லீவு நாள்ல ஒரு நாள் பூரா நிம்மதியா அழலாம்ல." லீவு கிடைக்குமா கிடைக்காதா என்பதையும் அவரே முடிவு பண்ணிவிடுவார். அதுவரை ஊரிலிருப்பவர்களும் வாயைக் கட்ட வேண்டும். "யாரும் போன்ல அழுதுறக் கூடாது. எப்பவும்போலப் பேசுங்க. தெரிஞ்சு துடிக்கிறதவிடத் தெரியாம இருக்கிறதே மேல்" என்று அவர்களுக்கும் பாடம் எடுப்பார்.

நானும் அவர் வாயால் சாவுச் சேதி கேட்டவன்தான். நான் எலெக்ட்ரீஷியன், பதினோரு வருடமாக அவருக்குப் பக்கத்துக் கட்டில். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, என் தட்டில் அவரே கரண்டியால் அள்ளிப் போட்டார். அம்மா போய் நாலு நாள் ஆகியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நீங்க இல்லன்னா நான் என்னண்ணே பண்ணியிருப்பேன்" என்றுகூடச் சொன்னேன். பத்து நாள் கழித்துக் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியில் எதையோ தேடும்போது என் பாஸ்போர்ட் கையில் தட்டுப்பட்டது. எல்லார் பாஸ்போர்ட்டும் ஆபீஸில் பூட்டித்தான் இருக்கும். என்னுடையது விசா புதுப்பித்து வந்தது, திருப்பிக் கொடுக்க மறந்துபோய் என்னிடமே கிடந்தது. அவருக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தேடி எடுத்திருப்பேன், அன்றே கிளம்பியிருப்பேன். நல்லதை நினைத்துச் செய்த மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? விழுங்கிக்கொண்டேன்.

வெல்டர் விழுங்கவில்லை. அவனுடைய அப்பா இறந்ததை அண்ணன் மூன்று நாள் மூடி வைத்துச் சொன்னபோது, சாப்பிட்ட தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். "போக முடியாதுன்னு முடிவு பண்ண நீங்க யாரு? அவரு எனக்கு அப்பனா, உங்களுக்கு அப்பனா?" என்று கேட்டான். அதன் பிறகு அவரோடு பேச்சில்லை. கவுண்டரில் பழைய கையுறையை வைப்பான், புதியதை எடுத்துக்கொண்டு போவான். அவனுக்கு மட்டும் அண்ணன் கிழிசலைப் பார்க்காமலே கொடுப்பார்.

அண்ணனுக்கு ஊரில் மனைவி, ஒரே மகள். கல்யாணமாகி இருபது வருடம். எல்லா லீவையும் ஒட்டுப்போட்டாலும் மனைவியோடு சேர்ந்து இருந்தது முழுசாக நாலு வருடம் தேறாது. தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் போடுவார். அந்தம்மா போனை மாவு டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு சமைப்பார். போன் சரிந்துவிடும். அண்ணன் முக்கால்வாசி நேரம் சமையல்கட்டுக் கூரையோடுதான் குடும்பம் நடத்தினார்.

"மூஞ்சியக் காட்டேன்" என்பார்.

"நேத்துப் பார்த்த மூஞ்சிதான். புதுசா என்ன மொளச்சிருக்கு?" என்று குரல் மட்டும் வரும். இவர் இந்தப் பக்கம் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். அடுத்த லீவோடு வந்துவிடுகிறேன் என்று ஐந்து லீவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்விட்ச் போர்டைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் போன் வந்தது. அண்ணனுடைய மச்சினன். அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சாய்ந்தாளாம், ஆஸ்பத்திரி போகும்முன்பே முடிந்துவிட்டதாம்.

"மாமாவுக்கு லீவு கெடைக்குமாண்ணே?" என்று கேட்டான். "எங்க தங்கச்சியும் வெளிநாட்டுல இருந்து வரணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருக்கப் போறோம்."

"எங்க கெடைக்கும்? ஒரு மாசத்துக்கு யாருக்கும் லீவு இல்லன்னு நோட்டீஸே ஒட்டியிருக்கான்" என்றேன்.

"அப்ப மாமா எல்லாருக்கும் சொல்ற மாதிரியே..."

"சனிக்கிழம நான் சொல்லிக்கிறேன். பாப்பாவ அழாமப் பேசச் சொல்லுங்க."

அவ்வளவுதான் பேச்சு. நான் நின்ற இடத்திலிருந்து ஆபீஸ் அறுபது அடி இருக்கும். போய்க் கேட்கவில்லை. போர்டை மாட்டி ஆறு திருகாணியையும் முடுக்கினேன்.

அறைக்காரர்களிடம் சொல்லி வைத்தேன். வெல்டர் மட்டும் எழுந்து நின்றான். "இப்பவே போய்ச் சொல்லுவோம்" என்றான். "அண்ணனோட முறைன்னு ஒண்ணு இருக்கு, நீ சும்மா இரு" என்று அடக்கினேன். "முறையாம், மண்ணாங்கட்டி" என்றான். ஆனால் அவருடன் பேசி வருஷக்கணக்கில் ஆகிவிட்டவன், முதல் வார்த்தையாக இதைப் போய் எப்படிச் சொல்வான்? அவனும் வாயை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ஆறரை. நான் என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் எடுத்தாள். வழக்கம்போலக் கூரை தெரிந்தது.

"அம்மா எங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சுப்பா. பேச முடியல. படுத்திருக்காங்க."

"அங்க என்ன சத்தம்?"

"டிவிப்பா."

"வெந்நி வச்சுக் குடுத்தியா?"

"குடுத்தேன்பா."

"சரி, தூங்கட்டும். எழுப்பாத" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பொய் சொல்வதையே ஊழியமாகச் செய்த மனுஷன், அடுத்த மூன்று நாளும் அதே தொண்டைக்கட்டை நம்பினார். வெள்ளிக்கிழமை என்னிடமே, தொண்டைக்கு என்ன மாத்திரை நல்லது என்று விசாரித்தார். தெரியவில்லை என்றேன்.

சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் அவர் எதிரே உட்கார்ந்தேன். "அண்ணே, என் போன்ல சார்ஜ் இல்ல. உங்களோடதக் கொஞ்சம் குடுங்க" என்றேன். சட்டைப் பைக்குள் கையை விட்டார். அதே சமயம் சமையல்காரர், நான் சொல்லி வைத்திருந்தபடி, கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டார். பைக்குள் போன கை அப்படியே நின்றது. தட்டைப் பார்த்தார், சமையல்காரரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

யார் என்று அவர் கேட்கவில்லை. "எத்தன நாளாச்சு?" என்றார்.

"முதல்ல சாப்பிடுங்கண்ணே."

"எத்தன நாளாச்சுன்னு கேட்டேன்."

"செவ்வாய்க்கிழம."

விரலை மடக்கினார். புதன், வியாழன், வெள்ளி. "தொண்டை கட்டலையா?" என்றார். அவர் திரும்பி, பின் வரிசையில் இருந்த வெல்டரைப் பார்த்தார். வருடங்களுக்குப் பிறகு அவனிடம் பேசினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லணும்னேன். அண்ணனோட முறைன்னு ஒண்ணு இருக்குன்னாங்க" என்றான் வெல்டர்.

அண்ணன் அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். எப்போதும்போலத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தார்.

ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். கிளார்க் நம்ம ஆள்தான். விஷயத்தைக் கேட்டதும் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"செவ்வாய்க்கிழமையா? அன்னைக்கே வந்திருந்தா சாயங்கால விமானத்துல ஏத்தி விட்டிருப்பேனே."

"நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சே" என்றேன்.

"அது கல்யாணம் காட்சின்னு கெளம்புறவங்களுக்கு. சாவுக்கு யாருய்யா தடுப்பா? இத்தன வருஷத்துல நான் யாரையாவது தடுத்திருக்கேனா? நீங்கதான் யாரும் வந்து கேக்கிறதே இல்ல."

அண்ணன் ஆபீஸ் படியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே மகளைக் கூப்பிட்டார். அவளும் விஷயம் உடைந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"செவ்வாய்க்கிழம நான் கூப்பிட்டப்ப அம்மாவ எங்க வச்சிருந்தீங்க?"

"ஹால்லப்பா."

"சமையல்கட்டுல நின்னா ஹால் தெரியும்ல?"

"தெரியும்பா."

"போனத் திருப்பியிருந்தா நான் மூஞ்சியப் பார்த்திருப்பேன்ல."

மகள் அடக்க முடியாமல் அழுதாள். "நீங்கதானப்பா எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க, வீட்டுல யாரும் அழக்கூடாது, எப்பவும்போலப் பேசணும்னு. நான் அழாமத்தானப்பா பேசினேன்" என்றாள். சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் போனார். இருபது நாள் இருந்துவிட்டு, மகளை மச்சினன் வீட்டில் விட்டுத் திரும்பி வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மன்னிப்புக் கேட்டதற்கு, "நீ என்ன தப்புப் பண்ண? நான் பண்ணினதத்தான பண்ண" என்றார். அந்த அறுபது அடியை நான் ஏன் நடக்கவில்லை? சோம்பலா, நோட்டீஸை நம்பினேனா, இல்லை அம்மா விஷயத்தில் விழுங்கியது உள்ளே கிடந்து காலைக் கட்டியதா? பழி வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

இப்போது ஆறரை மணிக்கு அவர் வேறு ஆட்களைக் கூப்பிடுகிறார். அவர் சேதி சொன்னவர்கள் பதினேழு பேர். பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள், என்னையும் வெல்டரையும் விட்டால் மீதிப் பேர் வேறு வேறு நாட்டில். நம்பர் தேடிப் பிடித்து ஒரே கேள்வி கேட்பார்: "அன்னைக்கே சொல்லியிருந்தா போயிருப்பியா?" எல்லாரும் நல்லவர்கள். "எங்கண்ணே போறது, நீங்க செஞ்சதுதான் சரி" என்கிறார்கள். போனை வைத்துவிட்டு, "பொய் சொல்றான்" என்று சொல்லி அடுத்த நம்பரைத் தேடுவார்.

போன வாரம் நம்பர்கள் தீர்ந்துபோயின. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. உங்க அம்மா தவறினப்ப அன்னைக்கே சொல்லியிருந்தா?"

அந்தப் பெட்டி என் கட்டிலுக்கடியில்தான் இருந்தது. என் குதிகால் அதில் இடித்துக்கொண்டிருந்தது.

"எப்படிண்ணே போயிருப்பேன்? பாஸ்போர்ட் ஆபீஸ்லல்ல இருந்துச்சு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி விடு. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"போ. முதல்ல போய்ச் சாப்பிடு."

சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவில்லை. வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி எடுத்தாள். என்னங்க இந்த நேரத்துல என்றாள். எல்லாரும் எங்கே இருக்கிறீர்கள், போனைத் திருப்பி ஒவ்வொரு ஆளாகக் காட்டு என்றேன்.