பால்கனிகளை எண்ணும் அம்மணி

"மூணாவது மாடியில ரெண்டு, அதுக்கு மேல ஒண்ணு…" அண்ணாந்து பார்த்து, பென்சில் முனையால் காற்றைக் குத்திக் குத்தி எண்ணியபடி நடக்கிறார் வெத்தூரியா மோகா. எண்ணுவது முட்டைக்கோஸ் பீப்பாய்களை. நவம்பர் பிறந்தால் ருமேனியாவின் க்ளூஜ் நகரப் பக்கத்துக் குடும்பங்கள் குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போட்டுப் பால்கனியில் வைத்துவிடும். இன்று வந்து நாளை போகிற ஆட்கள் பீப்பாய் வாங்க மாட்டார்கள். ஆகவே ஒரு பீப்பாய் என்றால் ஒரு குடும்பம், காலையில் பஸ் ஏற இரண்டு பேர்.

வயது ஐம்பத்தாறு. நகரை ஒட்டி வீங்கிக்கொண்டே போகும் நான்கு ஊராட்சிகளுக்குப் பொதுவான போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர். பதவிப் பெயர் பலகைக்குள் அடங்காது. ஆபீஸோ ஒன்றரை அறை. மேயர்கள் நான்கு பேரும் நாலு திசை. "அவன் ஆளுங்களை என் பஸ்ஸு எதுக்குச் சுமக்கணும்?" என்று ஒருவர் கத்துவார். அதை அடுத்தவரிடம் காரம் குறைத்துச் சொல்லியே எட்டு வருஷம் ஓட்டிவிட்டார் இந்த அம்மணி. கூட்டத்தில் யாராவது "பரிசீலிப்போம்" என்றால் போதும், எரிச்சலில் தன் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

இப்போதைய கவலை வாலேனிக் குடியிருப்பு. புதிதாக ஐந்து அடுக்குமாடிகள்; பஸ் கிடையாது. பதிவேட்டின்படி அங்கே இருப்பவர்கள் பதினொரு பேர்தானாம்! மற்ற எல்லாருடைய அடையாள அட்டையும் இன்னும் சொந்த ஊர் விலாசத்தில். நர்ஸ் ஸ்மராண்டா தினமும் ஐந்து வயது மகளோடு லாரி ரோட்டின் ஓரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் பஸ் பிடிக்கிறாள். "கையை விட்டேன்னா புள்ளை லாரிக்கு அடியிலதான்க்கா" என்று அவள் சொன்ன நாளிலிருந்து வெத்தூரியாவுக்கு மனசு ஆறவில்லை.

நாற்பத்தொரு பீப்பாய்க் கணக்கை நீட்டியதும் மாவட்ட அதிகாரி பொம்பிலியு சிரித்துவிட்டார். "ஏம்மா, முட்டைக்கோஸுக்கா பஸ் கேக்குறீங்க?"

"அதைத் திங்குறவங்களுக்கு சார். பேப்பர்ல இல்லேன்னா அவங்களுக்குப் பசிக்காதா? வந்து பாருங்க."

வந்தார், அண்ணாந்து பார்த்தார், காலையில் ஒரே ஒரு பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் சோதனை ஓட்டம்.

முதல் நாள் பஸ்ஸில் முன் இருக்கை வெத்தூரியாவுக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் தோரணைதான்! இரண்டாவது நிறுத்தத்திலேயே நிற்க இடமில்லை. மூன்றாவதில் படிக்கட்டும் நிறைந்துவிட்டது. எப்படி? ஜன்னல் வழியே நிமிர்ந்து பார்த்தவருக்குப் பகீரென்றது. குளிருக்கு அடக்கமாகப் பாதிப் பேர் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். பீப்பாய் உள்ளே; கீழிருந்து எண்ணியபோது கண்ணில் படவே இல்லை. "அட, என் வீட்டுலயும் அப்படித்தானே இருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசி நிறுத்தத்தில் ஸ்மராண்டா, கையில் மகள்.

"இடமில்லம்மா, அடுத்ததுல வா!" என்றார் டிரைவர்.

"அடுத்தது ஏதுய்யா?" என்ற குரல் முன் இருக்கையிலிருந்து வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கிய வெத்தூரியா, குழந்தையைத் தூக்கி உள்ளே இருந்தவர்கள் கையில் கொடுத்தார். ஸ்மராண்டாவின் முதுகில் இரண்டு கையையும் வைத்து நெட்டித் தள்ளினார். கதவு மூடிக்கொண்டது.

பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டு, சேற்றில் கால் பதிய, லாரி ரோட்டின் ஓரமாக நடக்க ஆரம்பித்தார்.