நாலாவது ஓரத்தில் மஞ்சள்

மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவந்துபோகும் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருடமாகக் கணவரின் வெள்ளைச் சட்டையில் சாம்பார்க் கறையோடு மல்லுக்கட்டுகிறவள் நான். ஆனாலும் அன்று காலை, பதற்றத்தில், குளியலறையில் கிடந்த துணி சோப்பை எடுத்து அந்த மூலையில் தேய்த்துவிட்டேன். விரல்நுனி அளவு மஞ்சளாக இருந்தது, ஒரு நிமிடத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

என் வீட்டுத் துணியாக இருந்தால் கத்தியிருக்க மாட்டேன். அது மேல்மாடி மாசிமாவின் காந்தா. மாசிமா என்றால் உறவில்லை, இந்த வங்காள ஊரில் வயதான பெண்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம். காந்தா என்பது பழைய சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, முழுக்க ஓட்டுத் தையல் போட்டுச் செய்கிற போர்வை. இதைத் தைத்தது மாசிமாவின் ஒரே மகள். தன் கல்யாணத்துக்கென்று, அம்மாவின் வெள்ளைச் சேலைகளை வாங்கித் தைத்தாள். நடுப்பகுதி முழுக்க முடித்து, ஓரத்துக்கு வெள்ளைப் பட்டியை மூன்று பக்கம் சுற்றித் தைத்தும் விட்டாள். நாலாவது பக்கத்துக்கு வருவதற்குள் டெங்குக் காய்ச்சல். ஒன்பதே நாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

நாங்கள் மாற்றலாகிப் பாலிகஞ்சில் இந்தக் கட்டடத்துக்கு வருவதற்கு முன்பே நடந்தது இது. அவளை நான் பார்த்ததே இல்லை. அந்தக் காந்தாவையும் அந்த வாரம்தான் பார்த்தேன். மாசிமா வீட்டைக் காலி செய்துவிட்டுப் புனேயில் இருக்கும் மகனோடு இருக்கப் போகிறார். திறந்து கிடந்த நாலாவது ஓரம் நூல்நூலாகப் பிரியத் தொடங்கியிருந்தது. மிச்சப் பட்டி சுருட்டிக் கிடந்தது, அதில் துருப்பிடித்த ஊசி ஒன்று குத்தியபடியே இருந்தது.

"போமா, நீ தைச்சுக் குடு. அவ தைச்ச மூணு பக்கத்துல கை வைக்காதே. இந்த ஒரு பக்கம் மட்டும் போதும்" என்றார். போமா என்றால் மருமகள், உறவில்லாவிட்டாலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் பேச்சு எல்லாம் வங்காளத்தில்தான். என் வங்காளம் கரியாஹாட் காய்கறிக்காரர்களிடம் படித்தது, பேரம் பேசத்தான் சரியாக வரும். "சரி மாசிமா" என்பதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் வரவில்லை.

மெஷினில் போட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் அவள் கையால் தைத்திருந்தாள், எறும்பு வரிசை மாதிரிப் பொடிப்பொடித் தையல். என் தையல் பெரிது, எப்போதும் அவசரம். பட்டியை விளிம்போடு நேராக வைத்துத் தைத்து, மடித்துத் திருப்பி, உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் பிடிக்க வேண்டும். முதல் நாள் ஒரு சாண் தைத்துவிட்டுப் பார்த்தேன், அவள் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் பொருந்தவே இல்லை. பிரித்தேன். மறுபடி தைத்தேன், மறுபடி பிரித்தேன். உயிரோடு இல்லாத ஒரு பெண்ணிடம் எனக்கு எரிச்சல் வந்தது. "ஏம்மா தாயி, கொஞ்சம் பெருசாத் தைச்சிருக்கக் கூடாதா?" என்று திட்டினேன். திட்டியபின் கண் கலங்கிவிட்டது. கடைசி மூலையை மடித்து முடிச்சுப் போட்டபோது மூன்றாம் நாள் காலை மணி பத்து. மாசிமாவுக்கு மறுநாள் விடியற்காலை ரயில்.

முடித்த கையோடு என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து அடுக்களைக்குப் போய், மஞ்சள்பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்த மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். எங்கள் வீட்டில் புதுத் துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் படாமல் உடம்பில் படாது. பாவாடை, வேட்டி, தலையணை உறை, எல்லாவற்றுக்கும் உண்டு. கை தானாகச் செய்துவிட்டது. வைத்தபின்தான் உறைத்தது. வெள்ளைத் துணி. வேறொருவர் துணி. செத்துப்போன பிள்ளையின் துணி. அதன்பிறகுதான் அந்தச் சோப்பு.

சத்தம் கேட்டு என் கணவர் பேப்பரோடு வந்து எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை, அவருக்கு விடுமுறை.

"ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க?"

"கண்ணு தெரியலையா? மஞ்ச வச்சுட்டேன். சோப்பும் போட்டுட்டேன்."

"தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்கியே. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு விடு, செவப்பு போயிரும். மிச்சத்த வெயில்ல காட்டு."

"வெயிலா? இந்த ஊர்ல இப்பயா?" என்று அவர் மேல் பாய்ந்தேன். நாலு நாளாக வானம் மூடிக் கிடந்தது. துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே நாறிக்கொண்டிருந்தது.

எலுமிச்சைக்குச் சிவப்பு இறங்கியது. மஞ்சள் அப்படியே நின்றது. மூலையை மட்டும் நாலைந்து தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்தேன். காந்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். பதினொன்றரைக்கு மேகம் விலகியது. மற்ற பகுதியில் புழுதி படாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, அந்த ஒரு மூலையை மட்டும் வெயிலில் நீட்டிப் பிடித்து உட்கார்ந்தேன். தலை காய்ந்தது, முதுகு வேர்த்து ஊற்றியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் மூலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மேகம் வந்தால் அதையும் திட்டினேன்.

பன்னிரண்டரைக்கு மாடிக் கதவு கிறீச்சிட்டது. மாசிமா. கொடியில் கிடந்த துண்டை எடுக்க வந்திருக்கிறார். சட்டென்று மூலையைத் தொடைக்கு அடியில் தள்ளினேன்.

"என்ன போமா, வெயில்ல உக்காந்திருக்கே?"

"ஈர வாடை வந்துச்சு மாசிமா, சும்மா காயவைக்கேன்."

"முடிஞ்சிடுச்சா? காட்டேன்."

"இன்னும் கொஞ்சம் பாக்கி. அஞ்சு மணிக்கு வாங்க."

பொய். கூசாமல் சொன்னேன். அவர் காந்தாவைத் தொட வந்த கையை இழுத்துக்கொண்டு, "நிதானமாச் செய்" என்று சொல்லிப் போனார்.

இரண்டு மணிக்கு மறுபடி மழை வந்துவிட்டது. ஆனால் அதற்குள் கறை போயிருந்தது. கணவர் கண்ணாடி போட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. "தப்பிச்சே. வாயத் தொறந்து உளறாதே" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து மணிக்கு மாசிமா வந்தார். கட்டிலில் விரித்து வைத்திருந்தேன். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே சுற்றி வந்தார், முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். அவள் தையல் முடிந்து என் தையல் தொடங்குகிற இடத்தில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. கடைசி மூலைக்கு வந்ததும் என் தலையில் கை வைத்தார். "அவளே முடிச்ச மாதிரி இருக்கு. நீ உன்னோடதா எதையும் சேர்க்கலை. அதுக்குத்தான் உன்கிட்டக் கொடுத்தேன்."

கணவர் கதவோரம் நின்று, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். என்னால் முடியவில்லை. பொய்யோடு வாங்குகிற ஆசீர்வாதம் ஒட்டுமா? எல்லாவற்றையும் கொட்டினேன், மஞ்சள், சோப்பு, எலுமிச்சை, மாடியில் தொடைக்கு அடியில் மறைத்தது வரை. "எங்க வழக்கம் மாசிமா, கை பழக்கம், கெட்ட எண்ணம் இல்லை, ஒரு தடம்கூட இல்லாமப் போயிடுச்சு, பாருங்க" என்று மூலையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் மூலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அந்தக் கோபத்தை நான் அவர் முகத்தில் கண்டதில்லை.

"கேக்காம வச்சே, சரி. கேக்காம எதுக்குக் கழுவினே?"

எனக்குப் புரியவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "அவளுக்கு ஹோலுத் நடக்கலையே போமா. மஞ்சப் புடவைகூட எடுத்து வச்சிருந்தோம்." கல்யாணத்தன்று காலையில் பெண்ணுக்கு மஞ்சள் பூசுகிற சடங்குதான் ஹோலுத், இங்கே அது இல்லாமல் கல்யாணமே கிடையாது. மூன்று நாள் அந்தத் துணியை மடியில் வைத்திருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

"திரும்ப வை" என்றார்.

ஒரு கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நான் தொடக் கூடாது. புருஷன் போனவ. சுமங்கலிதான் வைக்கணும். நீ வை."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்தக் கதையை ஊரில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! எத்தனை அம்மாக்கள் தூணோரம் நின்றிருக்கிறார்கள்! "யார் சொன்னது? பெத்தது நீங்க. நான் யாரு, அவ முகத்தக்கூடப் பார்க்காதவ. நான் வைக்க மாட்டேன்" என்று கிண்ணத்தை அவர் மடியில் வைத்துவிட்டேன்.

மாசிமா கிண்ணத்தைக் கட்டிலில் இறக்கி வைத்தார். பிறகு மூன்று விரலை முக்கி எடுத்து மூலையில் வைத்தார். அதோடு நிறுத்தவில்லை. நான் தைத்த நாலாவது ஓரம் முழுக்க, கன்னத்தில் பூசுவது போல, தடவிக்கொண்டே போனார். பட்டியைத் தாண்டி வெள்ளையிலும் வழிந்தது. நான் தடுக்கவில்லை.

"காயட்டும் மாசிமா, அப்புறம் மடிக்கலாம்" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்து, ஈரத்தோடே மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனார்.