கொட்டகையில் நின்ற வண்டி

கிள்ளானில் எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் இறந்துபோனால் முதலில் அழுவார்கள், அடுத்து எனக்கு ஆள் அனுப்புவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ரப்பர்ப் பால் வாளி தூக்கினேன், லோரியில் கிளீனராக ஓடினேன், பிறகு ஒரு பழைய வேனை வாங்கிப் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பிணம் ஏற்றும் வண்டியாக மாற்றினேன். எழுபதுகளின் நடுவில் நம் ஆட்களுக்கென்று அந்த வட்டாரத்தில் அப்படி வேறு வண்டி கிடையாது. கோயில் தலைவரானாலும் சரி, கள்ளுக்கடைக்காரரானாலும் சரி, கடைசியில் என் வண்டியில் படுத்துத்தான் ஆக வேண்டும்.

வண்டியைவிட எனக்குச் சோறு போட்டது என் வாய். வீட்டில் நடந்த சாவு என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புதைக்கவோ எரிக்கவோ அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். சுராட் என்போம். மேசையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்பது ஒரே கேள்வி: என்ன நோய்? மகன் காய்ச்சல் என்பான், மருமகன் விழுந்துவிட்டார் என்பான். போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும். உடம்பு ஆஸ்பத்திரிக்குப் போகும், அங்கே அறுப்பார்கள். நம் சனத்துக்குச் சாவைவிட அந்த அறுப்புத்தான் பெரிய பயம். அதனால் நான் மூன்று மலாய் வார்த்தைகள் வைத்திருந்தேன். அறுபதைத் தாண்டியவர் என்றால் சாக்கிட் துவா, வயோதிகம். குழந்தை என்றால் டெமாம், காய்ச்சல். நடுவயது என்றால் லெலா, மூச்சிழுப்பு. இந்த மூன்றையும் கேட்டால் போலீஸ்காரர் தலையைத் தூக்காமல் எழுதிவிடுவார்.

“நீங்க யாரும் வாயத் தொறக்காதீங்க. அழுதுகிட்டு நில்லுங்க, அது போதும்” என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லி வைப்பேன். என் கைக்கு வந்த ஓர் உடம்பைக்கூட நான் கத்திக்குக் கொடுத்ததில்லை. இதைச் சொல்லி எத்தனை விருந்தில் எத்தனை பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள்.

என் மனைவி இறந்தபோதும் நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். முப்பத்தெட்டு வயது. லெலா என்றேன். அவளுக்கு வாழ்நாளில் இழுப்பு வந்ததே இல்லை.

அது நடந்து மூன்று வருடம் கழித்து, எண்பதுகளின் கடைசியில், என் கடைக்கு முன்னால் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியவர் பல்கலைக்கழகத்து டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது. தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். தமிழ் வரும், ஆனால் ஆங்கிலத்தில் யோசித்த பிறகுதான் வரும்.

“அங்கிள்தானே இந்த ஏரியாவில சுராட் எடுத்துக் குடுக்கிறது?”

“என்னை விட்டா யாரு இருக்கா டாக்டர்.”

“இந்த ஸ்டேஷன் ரெக்கார்டில நடுவயசுப் பொம்பிளையள் கனபேர் லெலாவிலதான் செத்திருக்கினம். பக்கத்து ஸ்டேஷனில அப்பிடி இல்ல. இந்தப் பக்கத்துக் காத்தில ஏதும் இருக்கோ எண்டு யோசிக்கிறம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காத்துல ஒண்ணும் இல்ல டாக்டர். நான்தான் இருக்கேன்.”

மூன்று வார்த்தைகளின் கதையை மடமடவென்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்ப அவையெல்லாம் எதில செத்தவை அங்கிள்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் என் காதிலேயே விழுந்தது.

அவர் வேலை இதுதான். இறந்தவரின் வீட்டுக்குப் போய், கடைசி நாட்களில் கூட இருந்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்பது. எங்கே வலித்தது, எத்தனை நாள், மூச்சு எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டார். அந்தப் பதில்களை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்து, இன்ன நோய் என்று முடிவு செய்வார்கள். வாயால் செய்கிற போஸ்ட்மார்ட்டம் என்றார். வாய் என்றால் என்னிடம் இருக்கிறதே. வீடுகளையும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போக ஒத்துக்கொண்டேன்.

அவர் ஃபாரத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்பார், நான் நம் பாஷையில் கேட்பேன். ‘உணர்விழந்தாரா’ என்று கேட்டால் எந்தக் கிழவிக்குப் புரியும்? “கூப்பிட்டா கண்ணத் தொறந்தாரா, கண்ணத் தொறந்தா ஆளைத் தெரிஞ்சுச்சா?” என்பேன். டாக்டர் என் வார்த்தைகளை ஃபாரத்தின் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வார். ஆறு மாதத்தில் அந்த ஃபாரம் எனக்கு மனப்பாடம். ஓர் எழுத்து ஆங்கிலம் தெரியாமலேயே எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். இழுப்பு இல்லை என்றால் இரண்டு தாள் தாண்டும். நெஞ்சு வலி உண்டு என்றால் அந்தப் பக்கத்திலேயே பத்துக் கேள்வி நிற்கும். பேனா எங்கே தாண்டுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தே டாக்டர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். நோயின் பெயரை வீட்டுக்காரர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அவர்கள் கேட்டால், “அது ரெண்டு டாக்டருங்க படிச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க” என்று நானே சொல்லிவிடுவேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இருந்ததா? அந்தக் கேள்வி வந்தால் மட்டும் எனக்கு வாய் நிற்காது. போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு வரிசை வீட்டில், மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் இல்லையண்ணே என்றார்.

“இல்லையா? மூணு வீடு தள்ளி மீன் லோரி நிக்குது. போய்க் கதவத் தட்டுனியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: “அங்கிள், ஏசக் கூடாது. கேள்வியை மட்டும் கேளுங்கோ.”

“மனசு கேக்கல டாக்டர்” என்றேன். எனக்கு ஏன் மனசு கேட்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். என் மனைவி இறந்த அன்று வண்டி காப்பார் ஊருக்குச் சவாரி போயிருந்தது என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவள் அண்ணனிடமும் அதையே சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு, “விதி மாப்பிள்ளை” என்று அழுதார். வண்டி எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நின்றது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் என் மகளும்.

ஒரு ஞாயிறு டாக்டர் பட்டியலை விரித்தபோது அடுத்த வரியில் இருந்த வீட்டு எண்ணை நான் அடையாளம் கண்டுகொண்டேன். இலக்கம் படிக்க மூன்றாம் வகுப்பு போதும்.

“அங்கிள், இது நீங்கள் குடியிருக்கிற தாமான்தானே. ஆரெண்டு தெரியுமோ?”

“தெரியும் டாக்டர். அடுத்த வாரம் காலையில வாங்க. காப்பி குடிச்சிட்டுக் கேக்கலாம்.”

வந்தார். வாசலில் இலக்கத்தைப் பார்த்தார், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் நின்றார்.

“வேற டாக்டரை அனுப்பட்டோ அங்கிள்?”

“வேற டாக்டர் எதுக்கு. நீங்களே கேளுங்க.”

மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டாள். அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. டாக்டர் ஃபாரத்தை எடுத்தார். இப்போது மொழிபெயர்க்க ஆள் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்திருந்த என் வார்த்தைகளைப் பார்த்து, என் பேச்சிலேயே என்னைக் கேட்டார்.

“இழுப்பு இருந்துச்சா?”

“இல்ல.”

இரண்டு தாள் தாண்டியது. ஸ்டேஷனில் நான் சொன்ன லெலா அதோடு போனது.

“எங்க வலிக்குதுன்னு சொன்னாங்க?”

“அடிவயிறு. காலையில ஆரம்பிச்சது. காத்துன்னு நெனச்சு ஓமத் தண்ணி குடுத்தேன்.”

“மயக்கம் போட்டாங்களா?”

“குளியலறைல ஒரு தடவை. முகம் வெள்ளைத் துணி மாதிரி ஆயிருச்சு.”

“தோள்பட்டை வலிச்சுச்சா?”

இந்தக் கேள்வியை நான் எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன். வயிற்று வலிக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தைலம் தேய்த்துவிட்டவன் நான்தான்.

“வலிச்சுச்சு.”

பேனா அந்தப் பக்கத்திலேயே நின்றது. “மாசம் தள்ளிப் போயிருந்துச்சா?”

“இந்த வயசுல அதெல்லாம்…” என்று இழுத்தேன்.

“தள்ளிப் போயிருந்துச்சு” என்றாள் மகள், வாசலில் நின்றபடியே. “ரெண்டு மாசம். அப்பாகிட்ட இப்ப சொல்லாத, கிண்டல் பண்ணுவாருன்னு அம்மா சொன்னாங்க.”

டாக்டர் எழுதினார். அந்தப் பதிலுக்குப் பிறகு மீதிப் பக்கங்களை எல்லாம் புரட்டித் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. இதே மாதிரி இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி, அது வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டுவது. அதில் ஒரு வீட்டில், காலாகாலத்தில் ஆபரேஷன் செய்திருந்தால் என்று காரில் வரும்போது டாக்டர் வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

“வாகனம் இருந்துச்சா அங்கிள்?”

காப்பார் என்று சொன்னால் முடிந்துவிடும். மகள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு மேலாக அவள் அப்படித்தான் எனக்காகத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இருந்துச்சு” என்றேன். “பின்னால கொட்டகையில. சாவி என் சட்டைப் பையில.”

பேனா நின்றது. “ஏன் அதில கொண்டுபோகேல்ல?” ஓரத்தில் எழுதி வைத்த வார்த்தை இல்லை, அவருடைய சொந்தப் பேச்சு.

“பொணம் ஏத்துற வண்டி டாக்டர். உசுரோட இருக்குறவள அதுல எப்படி ஏத்துவேன்?”

அன்று நடந்ததைச் சொன்னேன். பகல் இரண்டு மணி, நல்ல மழை. டாக்சிக்குப் போன் போட்டேன், வருகிறேன் என்றவன் வரவில்லை. அவள்தான் சொன்னாள்: “வண்டியிலயே போயிருவோமே. தெனமும் கழுவுறவ நான்தான, எனக்கென்ன பயம்?” அவள் சொன்னது உண்மை. ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அந்த வண்டியின் தளத்தை முழங்காலிட்டுத் தேய்த்தவள் அவள். நான் திட்டினேன். “வாயக் கழுவு. உசுரோட அதுல ஏறுனா திரும்ப மாட்டாங்க.” மழையில் பெரிய ரோடு வரை ஓடி டாக்சி தேடினேன். ஒரு மணி நேரம் கழித்து டாக்சியோடு வந்தபோது மகள் அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். மறுநாள் அவள் அதே வண்டியில்தான் போனாள். ஓட்டியவனும் நான்தான்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதினார். இருந்த கோடுகள் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினார்.

“டாக்டர், பொழைச்சிருப்பாளா?”

“அங்கிள்… அது ரெண்டு டாக்டர்மார் படிச்சுத்தான்…” மற்ற வீடுகளில் நான் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். முழுக்கச் சொன்னாலும் அதில் ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் வந்து, ஆறிப்போன என் காப்பியை எடுத்துக்கொண்டு போனாள். சூடாக்கித் திரும்பக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை.

அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் என் மனைவியின் அண்ணனிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போனவர் நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் எனக்கு அழைப்பு இல்லை. ஸ்டேஷனில் லெலாவை மாற்ற முடியுமா என்று கேட்டேன். எழுதியது எழுதியதுதான், பாக்சிக் என்று மாமா முறை வைத்துச் சொன்னார் போலீஸ்காரர்.

இதற்குப் பிறகு நான் வர மாட்டேன் என்று டாக்டர் நினைத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அவருக்கு முன்னால் நான் போய் நின்றேன். மேரு ஊர்ப் பக்கம் ஒரு கம்பத்து வீடு, கிராமத்து வீடு. தங்கையைப் பறிகொடுத்த ஒருவர், கைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். கடைசிப் பக்கம் வந்தது.

“வாகனம் இருந்துச்சா தம்பி?”

“இல்லண்ணே.”

வேலிக்கு அந்தப் பக்கம், தெரு ஓரத்தில் யாருடைய லோரியோ நின்றுகொண்டிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்த லோரியைப் பார்த்தேன். அந்தத் தம்பியின் முகத்தையும் பார்த்தேன்.

“சரிப்பா” என்றேன். டாக்டரிடம் திரும்பி, “இல்லைன்னு எழுதிக்குங்க” என்றேன்.